இது எதுக்குங்க ஆகும்?

நடுவர் அவர்களுக்கும், மார்கழிக் குளிர் இன்னும் விடாத இந்தக் கோபிச்செட்டிபாளையம் பட்டிமன்றப் பந்தலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், முறுக்கைக் கடித்தபடியே என்னை எடைபோட்டுக்கொண்டிருக்கும் எதிரணிக்கும் வணக்கமுங்க.

‘விளையாட்டாகச் செய்யும் இன்றைய கலை: கலையா, கோமாளித்தனமா?’ இதுதான் தலைப்பு. கலைதான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஒரே ஒரு வாழைப்பழத்தை வைத்துப் பேச்சை முடித்துக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். சுவரில் டேப் போட்டு ஒட்டின பழம் 50 கோடி ரூபாய்க்கு மேல் போச்சாமே என்று அவர் கேட்டதும் பந்தலே கொதித்தது. கொதிக்காதா பின்னே? இங்கே பாதிப் பேர் வாழை போட்டவர்கள்.

ஆனால் நடுவரே, தலைவர் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அந்தப் பழத்தை ஒட்டினவர் மௌரிசியோ கட்டெலான், இத்தாலிக்காரர். 2019 டிசம்பரில் மயாமியில் நடந்த கலைச் சந்தையில் ஒட்டினார். 1,20,000 டாலருக்கு விற்றது. சந்தை முடிவதற்குள் இன்னொரு கலைஞர் வந்து, சுவரிலிருந்த பழத்தைப் பிய்த்து, உரித்துத் தின்றுவிட்டார். கலைக்கூடத்துக்காரர்கள் பதறவில்லை. இன்னொரு பழத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஏனென்றால் வாங்கினவருக்குக் கொடுத்தது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும்தான். பழம் அழுகினால் அவரே வாங்கி மாற்றிக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 62 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைக்குச் சுவரில் இருந்த பழம், பக்கத்துத் தெருவோரப் பழக்கடையில் 35 சென்ட் கொடுத்து வாங்கியது. ஏலம் எடுத்த கிரிப்டோ கரன்சிப் பணக்காரரும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு பழத்தைத் தின்றார்.

அந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘காமெடியன்’. இப்போ சொல்லுங்க, யாரைப் பார்த்து அவர் சிரித்திருக்கிறார்? உங்களையும் என்னையும் பார்த்தா? அந்த ஏல மண்டபத்தைப் பார்த்து. 35 சென்ட்டுக்கும் 62 லட்சம் டாலருக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்தப் பழம் கேட்கிறது. வாழைத்தார் ஏலத்தில் நிற்கிற நம்ம விவசாயி எத்தனை வருசமாகக் கேட்கிற கேள்வி இது! தோட்டத்தில் ஒரு விலை, கடையில் ஒரு விலை, நடுவில் என்ன நடந்தது என்று அவரும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அவருக்குப் பதில் வரவில்லை. கட்டெலானுக்குப் பணம் வந்தது. அந்த அநியாயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது விலையோடு போட வேண்டிய சண்டை. தலைப்பு விலையைப் பற்றியது இல்லை.

அப்புறம் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, “இதில் உழைப்பே இல்லை, சோம்பேறிகளின் வேலை” என்றார். நல்லா முறுக்கிக்கொண்டு சொன்னார். தம்பி, நம்ம எலெக்ட்ரீஷியன் சுவருக்குள் வயர் இழுக்கப் போடுகிற பிவிசி குழாய் தெரியுமில்லையா? நெதர்லாந்தில் தியோ யான்சன் என்று ஒருவர், 1990-லிருந்து அந்தக் குழாயை வெட்டி, சூடு காட்டி வளைத்து, கட்டி, மிருகங்கள் செய்கிறார். கடற்கரையில் கொண்டுபோய் விட்டால் காற்றடிக்கிற வேகத்தில் அவை தானாக நடக்கும். சக்கரம் கிடையாது, எஞ்சின் கிடையாது, பத்து இருபது கால்கள். நடக்கிற ஒவ்வொரு காலும் கணக்கு. எந்தக் குழாய் எவ்வளவு நீளம் இருந்தால் உடம்பு குதிக்காமல் சமமாகப் போகும் என்பதைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான கால்களை ஒன்றோடொன்று போட்டியிட வைத்துக் கண்டுபிடித்தார். கடைசியில் நின்றது 11 அளவுகள். சில மிருகங்கள் காற்றை பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து வைத்துக்கொண்டு, காற்று நின்ற பிறகும் நாலு எட்டு வைக்கும். இவர் படித்தது இயற்பியல். சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்கும்தான் அடிக்கிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை நட்டு கரண்டு எடுக்கிறோம், நல்லது. அந்தக் காற்றை நடக்கவும் வைக்கலாம் என்று யாருக்காவது தோன்றியதா?

வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்றால் நேக் சந்த் இருக்கிறார். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர், சண்டிகரில் ரோடு இன்ஸ்பெக்டர். புது நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்துக் கொட்டின குப்பையை இவர் சைக்கிளில் பொறுக்கிக்கொண்டு போனார். உடைந்த வளையல், பீங்கான் துண்டு, ஓடு எல்லாம் சேர்த்து, கட்டடமே கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கின காட்டுக்குள், வேலை நேரம் போக, திருட்டுத்தனமாக பொம்மைகள் செய்தார். ஒரு நாள் இல்லை, ஒரு வருசம் இல்லை, ஏறக்குறைய 18 வருசம்! 1975-ல் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி இடிக்க வேண்டும். ஊர் விடவில்லை. 1976-ல் அதையே தோட்டமாகத் திறந்துவிட்டார்கள். அவரையே அதற்குப் பொறுப்பாகப் போட்டு, சம்பளம் கொடுத்து, 50 ஆட்களையும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. குப்பையில் விளையாடினவர் என்று அன்றைக்கு ஒரு அதிகாரி ஃபைலில் எழுதியிருந்தால் எல்லாம் மண்ணாகியிருக்கும். (திருப்பூர் பனியன் வேஸ்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். அதை விடுங்க.)

சரி, எதிரணியின் பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். “இது எதுக்குங்க ஆகும்?” நம்ம கொங்கு நாட்டின் கேள்வி இது. பொண்ணு பார்க்கப் போனாலும் கேட்போம், புதுசாக மாடு வாங்கினாலும் கேட்போம். தப்பில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்தோம்.

ஏதென்ஸில் கதெரீனா கம்ப்ரானி என்று ஒரு அம்மணி, கட்டடக் கலை படித்தவர். எதுக்குமே ஆகாத சாமான்களை வேண்டுமென்றே வடிவமைக்கிறார். செடிக்குத் தண்ணி ஊற்றும் வாளி, ஆனால் மூக்கு வெளியே போகாமல் வாளியைப் பார்த்தே வளைந்திருக்கும். மழைக்குப் போடும் பூட்ஸ், விரல் பக்கம் திறந்திருக்கும். முள்கரண்டி, கைப்பிடி சங்கிலி. பார்த்ததும் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகுதான், நல்ல வாளியின் மூக்கு ஏன் அந்த இடத்தில், அந்தச் சாய்வில் இருக்கிறது என்று மனசு யோசிக்கும். யாரோ ஒரு ஆள் எந்தக் காலத்திலோ அதை யோசித்திருக்கிறான், நாம் தினமும் பிடித்துக்கொண்டு ஒரு முறைகூட அதைப் பார்த்ததில்லை. நான் சவால் விடுகிறேன், அந்த வாளியைக் கோவை கணபதி பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கலைப் பேராசிரியருக்கு முன்னால் பட்டறைக்காரர் சிரிப்பார். எங்கே கோணல் என்று அவருக்குத்தான் உடனே பிடிபடும். பாமரனுக்குப் புரியாது என்று சொன்னீர்களே, யாரைப் பாமரன் என்கிறீர்கள்?

“நம்ம மண்ணுக்கு ஒட்டாது” என்றும் ஒரு வார்த்தை விழுந்தது. தின்று தூக்கிப் போட்ட நுங்குக் காய் இரண்டை ஒரு குச்சியில் குத்தி, கவட்டைக் கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடாத ஆள் இந்தப் பந்தலில் நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தர் இருந்தால் கை தூக்குங்கள். யாருமில்லை. இது ஒட்டாத மண்ணா?

இன்னொன்றைச் சொல்லாமல் இறங்க முடியாது. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் இரும்புக் கம்பிகளால் எழுப்பின எல்லைச் சுவர் இருக்கிறது. 2019 ஜூலையில், ரொனால்ட் ரேயல், வர்ஜீனியா சான் ஃபிரடெல்லோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடும் மூன்று சீசா பலகைகளைக் கொண்டுவந்து அந்தக் கம்பிகளின் இடுக்கில் நுழைத்தார்கள். பலகைக்கு ரோஸ் கலர். இந்த முனை அமெரிக்காவில், அந்த முனை மெக்சிகோவில். அந்தப் பக்கத்துக் குழந்தை காலை உதைத்தால்தான் இந்தப் பக்கத்துக் குழந்தை கீழே இறங்கும். சிப்பாய்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம்கூட இல்லை, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லண்டன் டிசைன் மியூசியம் 2020-ன் சிறந்த வடிவமைப்பு என்று அதற்குப் பரிசு கொடுத்தது. டிக்கெட் கிடையாது, ஏலம் கிடையாது, விளக்கப் பலகை கிடையாது. ஏறி உட்கார்ந்த குழந்தைக்கு எந்த அரசியலும் தெரியாது. ஒரு பக்கம் என்ன நடந்தாலும் இன்னொரு பக்கம் தூக்கிப் போடும் என்பதை அதன் முதுகெலும்பு தெரிந்துகொண்டது. இதை ஒரு கனமான கட்டுரையாக எழுதியிருந்தால் எதிரணித் தலைவர் படித்திருப்பாரா? நானே படித்திருக்க மாட்டேன்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் முறைக்கிறார். ஒரே நிமிடம்.

எனக்கடுத்து எதிரணியில் பேசப் போகிற அம்மணி, கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறார். இந்தக் கலையெல்லாம் கோமாளித்தனம் என்று அழகாகப் பேசுவார், எனக்குத் தெரியும். குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளையே கோத்து ஒரு வள்ளுவர் சிலை செய்து வைத்திருக்கிறார்கள் இல்லையா, கண்ணு மூக்கு தாடி எல்லாம் எழுத்து. அந்தச் சிலைக்கு முன்னால் நின்று, வள்ளுவர் மாதிரியே கையை வைத்து, பல் தெரியச் சிரித்து எடுத்த படம்தான் அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது. நடுவர் அவர்களே, அவர் பேசத் தொடங்குவதற்கு முன்னால் அந்த ஃபோனை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.