மேட்டில் நடப்பது வெட்கமல்ல

(வேலூரில், காலையில் ஓடுகிறவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நான் பதக்கம் வாங்கியவன் அல்ல. வேலைக்குப் போகும் முன் ஓடுகிறவன். ஆனாலும் உலகின் தலைசிறந்த மலைப்பாதை ஓட்டக்காரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் போட்டி என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் பளுதூக்கி காமன்வெல்த் தங்கம் கொண்டுவந்தார். அவர் தலைக்கு மேல் தூக்கிய எடையை நம்மில் பலரால் தரையிலிருந்து அசைக்கவும் முடியாது. கைதட்டத்தான் முடியும்.

மலைப்பாதை ஓட்டத்தில் நமக்குக் கைதட்டுவதோடு வேலை முடிவதில்லை. பிரான்சின் சாமோனி நகரில் 2003 முதல் நடக்கும் யூடிஎம்பி (அல்ட்ரா டிரெயில் டு மோன் பிளாங்க்) ஓட்டத்தைப் பாருங்கள். மோன் பிளாங்க் மலையைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். நம் ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். கடற்கரையிலிருந்து தொடங்கி ஒன்பது முறை அதில் ஏறினாலும் அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் குறையும். தகுதி ஓட்டங்களை முடித்து, குலுக்கலில் பெயரும் விழுந்தால், வங்கி ஊழியரும் பள்ளி ஆசிரியரும் சாம்பியன் நிற்கும் அதே தெருவில், அதே நேரத்தில் புறப்படலாம். ஸ்பெயினின் கிலியன் ஜோர்னே 2022இல் 20 மணி நேரத்துக்குள் முடித்தார். அந்தப் போட்டியில் அப்படி முடித்த முதல் ஆள் அவர்தான். மற்றவர்களுக்கு 46 மணி 30 நிமிடம் வரை கெடு உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சாம்பியன்களும் செங்குத்தான மேட்டில் நடக்கிறார்கள். உள்ளங்கைகளைத் தொடையில் ஊன்றி, முதுகை வளைத்து, சின்னச் சின்ன அடியாக வேகமாக நடக்கிறார்கள். சரிவு ஓர் அளவைத் தாண்டியதும் ஓடினாலும் நடந்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஓடினால் மூச்சுதான் வீணாகும். தார்ச்சாலையில் ஓடிப் பழகிய நமக்கு நடந்தாலே தோற்றுவிட்டதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பாலமதி மலையில் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். அங்கே நடக்கும்போது உங்கள் தொடை படும் பாட்டைத்தான் கிலியனின் தொடையும் படுகிறது. அவருடைய மேன்மை எவ்வளவு என்பது எனக்குத் தொலைக்காட்சியில் விளங்கவில்லை, மேட்டில் விளங்கியது.

கடினம் இறக்கத்தில்தான் இருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். அதனால்தான் வலி அன்றைக்கு வராமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து நிற்கிறது. பாதத்தைப் பார்க்காதீர்கள், நான்கைந்து அடி முன்னால் பாருங்கள். நம் பக்கத்துப் பாறைகளில் உதிரி மணல் படிந்திருக்கும், வழுக்கும். அடியில் ஆழமான பற்கள் உள்ள ஷூ வேண்டும். உலகத்துக்கே காலணி தைத்து அனுப்பும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் நம் பக்கத்தில் இருக்கின்றன. மலை ஓட்டத்துக்கான ஷூவும் இங்கிருந்து புறப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பெண்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு பெயர்: ஜாஸ்மின் பாரிஸ். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். 2019 ஜனவரிக் குளிரில், 268 மைல் ஸ்பைன் ரேஸ் என்ற மலைப்பாதை ஓட்டத்தில் ஆண்கள் அனைவரையும் முந்தி முதலில் வந்தார். வீட்டில் பால் குடிக்கும் குழந்தை. வழியில் நிறுத்தங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடினார். 2024இல் அமெரிக்காவில், சுமார் 100 மைல் மலைக்காட்டு ஓட்டமான பார்க்லி மாரத்தானை 60 மணி நேரக் கெடுவுக்குள் முடித்த முதல் பெண்ணும் அவர்தான். கெடு முடிய 99 விநாடிகளே இருந்தன. கடைசி மேட்டில் ஓடி வந்து முடிவிடமான இரும்புக் கதவைத் தொட்டவர் அங்கேயே தரையில் சரிந்தார். அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். பழைய வட ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலையில், பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலுடன் முடிக்கும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறோம். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஒற்றையடிப் பாதைகள் ஊரையும் ஊரையும் இணைக்கின்றன. அந்தப் பாதைகள் அவர்களுடைய தெருக்கள். அங்கே ஓடுகிறவர்கள் வழிவிட்டு ஓட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் உறைகூட விட்டுவரக் கூடாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வேலூரில் பேச முடியுமா? சித்திரையில் விடியும் முன்பே கிளம்பி, எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும், அது ஆபத்து. உப்புப் போட்ட நீர்மோர் போதும், கேழ்வரகுக் கூழ் இன்னும் நல்லது.

ஆகஸ்ட் கடைசியில் யூடிஎம்பி நேரலையைப் பாருங்கள். அங்கே வெள்ளிக்கிழமை மாலை புறப்படும்போது நமக்கு இரவு ஒன்பதரை மணி வாக்கில் இருக்கும். சனிக்கிழமை மாலை சாம்பியன் வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு வரை, இரண்டு இரவு தூங்காத கால்களோடு, கெடுவுக்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்து சேர்கிறவர்களையும் பாருங்கள். சாமோனித் தெரு முழுவதும் அவர்களுக்காக நின்றுகொண்டிருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.