கூஜாவுல இருந்த பேரு: பள்ளத்தூர்ப் படைப்பும் உக்கிராண அறையும்

எல்லாருக்கும் வணக்கம். நான் இப்ப காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல எங்க வீட்டு ரெண்டாங்கட்டு வளவுல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். பின்னாடி பாத்திரச் சத்தம் கேட்கும், மன்னிச்சுக்கங்க. நேத்து ராத்திரிதான் படைப்பு முடிஞ்சுது, அண்டாவெல்லாம் கழுவிக் கவுத்துறாங்க. குரல் கொஞ்சம் கட்டியிருக்கு. ரெண்டு நாளா ஓயாம பேசியிருக்கேன்.

படைப்புன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக. ஒரே முன்னோர் வழியில வந்த பங்காளிங்க எல்லாரும் படைப்பு வீட்டுல ஒண்ணு கூடி, அந்த முன்னோரைக் கும்பிடுறது. எங்களுக்குன்னு ஒரு பேழை இருக்கு, அதுக்குள்ள சேலை. போன படைப்புல வெச்ச சேலையை எடுத்துட்டு, புதுச் சேலையைத் தண்ணில நனைச்சு, காய வெச்சு, மடிச்சு உள்ள வெப்பாக. பழைய சேலையை ஏலம் விடுவாக. அதை எடுத்துட்டுப் போற வீட்டுக்கு நல்லதுன்னு நம்பிக்கை. சென்னை, கோயமுத்தூர், மலேசியான்னு எங்க இருந்தாலும் வந்துருவாக. இந்த வாட்டி ஒரு சித்தப்பா பினாங்குல இருந்து வந்திருந்தாக. அவுகளை நான் பார்த்ததே இல்லை. வந்து இறங்கின பத்தாவது நிமிஷம் எனக்கு முறை சொல்லி, "நீ இன்னார் பேத்தியில்ல"ன்னு கேட்டாக. அழுகை வந்துருச்சு எனக்கு.

நாங்க நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியாருங்க. எங்க ஆளுகளுக்கு வம்சாவளி பார்க்குறது புதுசு இல்லை. அது வாழ்க்கையிலயே கலந்து கிடக்கு. கல்யாணம் பேசணும்னா முதல் கேள்வி, எந்தக் கோவில்? ஒன்பது கோவில்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. பிள்ளையார்பட்டியும் இரணியூரும் அண்ணன் தம்பி முறை, அதனால அந்த ரெண்டுக்குள்ள பெண் கொடுத்து எடுக்க மாட்டாக. கல்யாணத்துக்குக் கோவில்ல இருந்து மாலை வரணும். மாலை வந்தாத்தான் கல்யாணம் கணக்குல ஏறும், அந்தக் குடும்பம் ஒரு புள்ளியாகும். கோவில் கணக்குல நீங்க ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பிடிச்சுக்கிட்டே போனா அஞ்சாறு தலைமுறை போயிரலாம்.

எங்க பெரியப்பா ஒருத்தர் அப்படித்தான் போயிருக்காக. ரிட்டயர் ஆனதுல இருந்து இதே வேலை. பட்டாலை முழுக்க விரிக்கிற அளவுக்கு ஒரு தாளைக் கொண்டாந்து போட்டாக. ஆறு தலைமுறை. சின்னப் பிள்ளைகள்லாம் தரையில குப்புறப் படுத்துக்கிட்டு அவங்கவங்க பேரைத் தேடுச்சுங்க. அதைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

அதுல ரெண்டு இடத்துல கோடு மேல இருந்து நேரா இறங்காம பக்கத்துல இருந்து வந்து சேரும். சிவப்பு மையில "கூட்டியது"ன்னு எழுதியிருக்காக. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுல இருந்து பிள்ளை கூட்டிக்கிடுறது எங்க வழக்கம். அந்தப் பையனுக்கு அதுக்கப்புறம் விலாசமே மாறிரும். விலாசம்னா முகவரின்னு நினைச்சுக்காதீங்க. எங்க பக்கம் விலாசம்னா பேருக்கு முன்னாடி வர்ற எழுத்து. அப்பா, அப்பாவைப் பெத்த ஐயா, ஐயாவைப் பெத்த பாட்டையான்னு மூணு நாலு பேரோட முதலெழுத்து. மு-வை மூனாம்பாக, லெ-யை லேனாம்பாக. அந்தக் காலத்துல ரங்கூன்லயும் கொழும்புலயும் எங்க ஆளுக வெச்சிருந்த கடைக்குப் பேரே அந்த எழுத்துதான். வட்டிக்கடை முத்திரை, ஹுண்டிப் பத்திரம், தந்தி எல்லாத்துலயும் அதுதான். ஒரு விலாசத்தை வெச்சு அது எந்த ஊரு, எந்த வீடுன்னு சொல்ற பெரியவுக இன்னைக்கும் இருக்காக. பிள்ளை கூட்டின விவரம் தெரியாம விலாசத்தை மட்டும் பிடிச்சுப் போனா நீங்க போய் நிக்கிற வீடு வேறயா இருக்கும். அதனால பெரியப்பா அந்த இடத்துல சிவப்பு மை போட்டது ரொம்பச் சரின்னு நான் நினைக்கிறேன்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

அந்தத் தாள்ல ஆம்பளைங்க பேரு எல்லாம் இருக்கு. எங்க பாட்டையாவைப் பெத்த ஆத்தா, அதாவது எங்க ஐயாவுக்கு அப்பத்தா, அவுக கட்டத்துல என்ன இருக்குன்னு பார்த்தேன். கோடு போட்டிருக்கு. பேரு இல்லை, ஊரு இல்லை. அந்த வரிசையில அப்படி ஏழு கட்டம் காலி. பெரியப்பாவைக் குத்தம் சொல்லலை. "புள்ளிக் கணக்குல ஆம்பளை பேருதானேத்தா வரும், நான் எங்க போயி எடுக்க"ன்னு அவுகளே வருத்தமாத்தான் சொன்னாக. ஆனா எனக்கு மனசு கேட்கலை. நாங்க பேழையில சேலை வெச்சுக் கும்பிடுறதே ஒரு பொம்பளையைத்தான். அவுக பேரைச் சொல்லித்தான் தீபம் காட்டுறோம். அதுக்குப் பின்னாடி வந்த பொம்பளைங்க பேரு மட்டும் எங்க போச்சு?

நேத்து மத்தியானம் கூட்டத்துக்குப் பெரிய தவலை வேணும்னு உக்கிராண அறையை, அதான் சாமான் வெக்கிற அறையை, திறந்தாக. நானும் ஒரு டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனேன். மேல கண்ணாடி ஜாடி, மங்குச் சாமான், பர்மா அரக்குப் பெட்டி. கீழ அடுக்கடுக்கா பித்தளை, வெண்கலம். எல்லாம் எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பொண்ணுங்க கொண்டு வந்த சீர்ச் சாமான். ஒவ்வொண்ணுலயும் பேரு வெட்டியிருக்கும். அது சின்ன வயசுல இருந்தே பார்த்ததுதான், ஆனா படிக்கணும்னு எனக்குத் தோணினதே இல்லை. பொண்ணு தகப்பன் வீட்டுச் சாமானைத்தானே கொண்டு வருது? அப்ப அதுல இருக்கிற விலாசம் யாருது? அந்தப் பொண்ணோட அப்பா விலாசம். பின்னாடியே பொண்ணு பேரு.

அங்கேயே உட்கார்ந்துட்டேன். யோசிச்சுப் பாருங்க, கணக்குப் புஸ்தகத்துல இல்லாத அத்தனை பேரும் பாத்திரத்துல இருக்காக!

எழுத்து தேஞ்சு போயிருந்துச்சு. புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு நூறு வருஷம் ஆயிருக்கும்ல. கூட வந்த பெரியம்மா ஒரு வழி சொன்னாக. திருநீறை விரல்ல எடுத்து எழுத்து மேல தடவி, லேசாத் துடைச்சா, பள்ளத்துல மட்டும் வெள்ளையா நிக்கும். நின்னுச்சு. எழுத்தெல்லாம் பழைய மாதிரி. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முந்தி லை, னை எல்லாம் ஆனைத் துதிக்கை மாதிரி சுழிச்சு எழுதுவாங்கல்ல, அந்த எழுத்து. உளியால வெட்டினது, புள்ளி புள்ளியா இருக்கும். ரெண்டு தவலை, ஒரு குடம், ஒரு சருவச்சட்டி படிச்சேன். அதெல்லாம் அப்பத்தாவோடது, ஐயாவோட ஆத்தாவோடதுன்னு தெரிஞ்சு போச்சு. கடைசியா ஒரு கூஜா. இதோ, கேமராவைக் கிட்டக் கொண்டு போறேன். நான் வாசிக்கலை. நீங்களே எழுத்துக் கூட்டிப் படிங்க. முதல்ல மூணு எழுத்து விலாசம், அப்புறம் பேரு.

இந்த விலாசம் யாருக்கும் தெரியலை. பெரியப்பாவுக்கே தெரியலை. சரின்னு ஆச்சிகிட்ட எடுத்துட்டுப் போனேன். ஆச்சின்னா எங்க ஐயாவோட தங்கச்சி, வயசு 88. முறைப்படி எனக்கு ஆயா, ஆனா ஊரே ஆச்சின்னு கூப்பிடுறதால நானும் ஆச்சின்னே பழகிட்டேன். முகப்புத் திண்ணையில தூண்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தாக. கூஜாவை மடியில வெச்சு, விரலால தடவினாக. கண்ணு சரியாத் தெரியாது அவுகளுக்கு. தடவியே படிச்சாக. படிச்சுட்டு, "இது எம் பேரு"ன்னாக. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஆனா விலாசம் எங்க அப்பச்சியோடது இல்லையே"ன்னாக. அப்பச்சின்னா அப்பா.

எனக்கு உடம்பு சிலுத்துருச்சு.

ஏன்னா ஆச்சியோட அந்தப் பேரு வீட்டுல பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. ஊருக்கு அவுக ஆச்சி, வீட்டுப் பெரியவுகளுக்கு "ஆத்தா". அது எதனாலங்கிறது நேத்துத்தான் புரிஞ்சுது. எங்க வழக்கத்துல ஐயா பேரைப் பேரனுக்கு வெப்பாக, அப்பத்தா பேரைப் பேத்திக்கு வெப்பாக. பேரன்கிற சொல்லே பெயரன்தானே? பேத்தி, பெயர்த்தி. பேரைத் தாங்கி நடக்கிறவக. ஆனா மாமியா பேரை மருமக வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனால ஆச்சியோட அம்மாவால பெத்த மக பேரைச் சொல்லிக் கூப்பிட முடியலை. பாட்டையாவுக்கும் அது தன்னோட ஆத்தா பேரு. அதனால சின்னப் பிள்ளையையே "ஆத்தா"ன்னு கூப்பிட்டுட்டாக. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைச்சுப் போச்சு. மரியாதைக்காகச் சொல்லாம விட்ட பேரு, அப்படியே சொல்லாமலே போயிருக்கும். பெரியப்பா தாள்ல காலியா இருந்த கட்டத்துக்கு உரிய பேரு, அவுக பக்கத்துலயே 88 வருஷமா உட்கார்ந்திருந்துச்சு.

அந்த அப்பத்தா முகத்தை ஆச்சி பார்த்ததில்லை. ஆச்சி பிறக்குறதுக்கு முந்தியே போயிட்டாகளாம்.

சரி, பேரு கிடைச்சுது. ஊரு? பெட்டகத்துல இசைகுடிமானம் இருக்கும், பாருன்னு ஆச்சிதான் சொன்னாக. கல்யாணத்தன்னைக்கு ரெண்டு வீட்டுக்காரங்களும் எழுதிக்கிடுற பத்திரம் அது. யாருக்கு யாரு, எந்த ஊரு, எந்தக் கோவில், என்ன கொடுக்குறாக, எல்லாம் இருக்கும். ஒரு தகரக் குழாய்க்குள்ள சுருட்டி வெச்சிருந்தாக. இருந்துச்சு! கண்டனூர். அதே விலாசம். அதே பேரு. சேர வேண்டிய சாமான் தொகையோட, தமிழ் எண்ல எழுதியிருக்கு. பின்னத்துல மாகாணி வரைக்கும் போகுது, மாகாணின்னா பதினாறுல ஒண்ணு. எனக்குப் படிக்கத் தெரியலை, பெரியப்பா படிச்சுச் சொன்னாக.

தேதி போட்டிருக்கிற இடத்துல "பிலவ வருஷம்"னு இருக்கு. தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். பிலவன்னா 1841ஆ இருக்கலாம், 1901ஆ இருக்கலாம், 1961ஆவும் இருக்கலாம். பழைய பத்திரம் பார்க்குற எல்லாரும் இதுல இடறுவாங்க. நாங்க எப்படித் தீர்த்தோம்னா, பாட்டையா ரங்கூன்ல இருந்தப்ப, 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரங்க குண்டு போட்டாங்க. அப்ப அவுகளுக்கு முப்பத்தஞ்சு வயசுக்குப் பக்கம். அடுத்த வருஷம் ஒரே ஒரு தோல் பெட்டியோட ஊர் வந்து சேர்ந்தாக, அது வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அவுகளைப் பெத்த ஆத்தா கல்யாணம் 1841ல நடந்திருக்க முடியாது, 1961ம் முடியாது. அப்ப 1901தான். உங்க வீட்டுலயும் இப்படி வருஷப் பேரு மட்டும் இருந்தா, தேதி உறுதியாத் தெரிஞ்ச ஒரு சம்பவத்தை முதல்ல பிடிங்க, அதுல இருந்து கணக்குப் போடுங்க.

இப்ப ஒரு வருத்தத்தைச் சொல்லணும். பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த அறையில இருந்ததுல பாதிச் சாமானை எடை போட்டு வித்துட்டோம். வீடு பராமரிக்கக் காசு வேணும், பங்காளி எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. தப்புன்னு சொல்ல மாட்டேன். கூரையில ஓடு மாத்தாம இருந்திருந்தா இன்னைக்கு நான் உட்கார இந்த வளவே இருந்திருக்காது. ஆனா விக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பேரை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கலாம். ஒரு சாயங்காலம் போதுமே. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடை வரிசையா இருக்குல்ல, அங்க போறப்பெல்லாம் பேரு வெட்டின தவலையா அடுக்கியிருக்கும். யாரோ ஒரு பொண்ணு கல்யாணத்துல கொண்டு வந்தது. இனிமே எனக்கு அந்தத் தெருவுல சும்மா நடக்க முடியாது.

அதனால உங்ககிட்ட மனசாரக் கேட்டுக்கிறேன். நகரத்தார்னு இல்லை, தமிழ்நாட்டுல எந்த வீட்டுலயும் சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டுவாங்க. பரண்ல கிடக்கிறதை எடுங்க, திருநீறோ அரிசி மாவோ தடவிப் படிங்க, போட்டோ எடுங்க. அப்புறம் வீட்டுல வயசான பொம்பளை யாரு இருக்காங்களோ அவங்க கையில கொடுங்க. போட்டோவைக் காட்டாதீங்க, பாத்திரத்தையே கொடுங்க. ஆச்சி கண்ணால படிக்கலை, விரலாலதான் படிச்சாக. நான் போன்ல போட்டோ மட்டும் காட்டியிருந்தா "தெரியலைத்தா"ன்னு சொல்லியிருப்பாக.

நேத்து சாயங்காலம் பெரியப்பா தாளைத் திரும்ப விரிச்சாக. ஆச்சி கையில பேனாவைக் கொடுத்து, நீங்களே எழுதுங்கன்னோம். தரையில உட்கார முடியாதுல்ல, தாளைத் தூக்கித் திண்ணையில வெச்சோம். நாலு பேரு நாலு முனையைப் பிடிச்சுக்கிட்டோம். ரொம்ப நேரம் எடுத்து எழுதினாக. கை நடுங்குச்சு. எழுத்து கட்டத்தை விட்டு வெளிய போயிருச்சு. அதுக்குக் கீழயே இன்னொரு வரி. அது தன்னோட பேரு. ரெண்டும் ஒரே பேரு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா.

மிச்சம் ஆறு கட்டம் காலியா இருக்கு. உள்ள இன்னும் பார்க்காத பித்தளை நிறையக் கிடக்கு, இன்னும் ரெண்டு நாள் இருந்து பார்க்கப் போறேன். நாளைக்குக் காலையில கண்டனூர். அந்த விலாசத்துக்காரங்க வீடு இன்னும் இருக்காம், பூட்டிக் கிடக்காம், சாவி எதிர்வீட்டுல இருக்குன்னு சொன்னாக. ஆச்சியும் வர்றேன்னாக. காலையில ஏழு மணிக்கே தயாரா இருப்பேன்னு சொல்லி, கூஜாவை இப்பவே ஒரு ஓலைக் கொட்டான்ல எடுத்து வெச்சாச்சு.