தோளில் இரண்டு தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு வெளிநாட்டில் மோட்டார் சைக்கிளில் சுற்றியதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். நியாயமாக என் மனைவியைத்தான் அழைத்திருக்க வேண்டும். வண்டியை ஓட்டியது நான், பயணத்தை நடத்தியது அவர். ஒலிவாங்கியைப் பார்த்தால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று சொல்லி நழுவிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திய தொண்டை அது.

எனக்கு 66 வயது, அவருக்கு 62. போன பிப்ரவரியில் நியூசிலாந்தின் தெற்குத் தீவை 17 நாட்கள், ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் சுற்றினோம். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள், கடைசியில் ஆளுக்கொரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார்கள்.

அங்கே நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். நாற்பது வருடம் இடது ஓரமாகவே ஓடிப் பழகிய உடம்பை இந்த வயதில் வலப்பக்கத்துக்கு மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. ஐரோப்பா அதனாலேயே அடிபட்டுப் போயிற்று. நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் அச்சாகி, அதில் மோட்டார் சைக்கிளும் சேர்ந்திருந்தால் சுற்றுலாப் பயணிக்கு அதுவே போதும். மாசி மாதம் அங்கே கோடைக்காலம். தெற்கே போகப் போக இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

என் புல்லட்டையே கப்பலில் அனுப்பலாமா என்றும் ஓர் ஆசை இருந்தது. கார்னே என்று ஓர் ஆவணம் உண்டு. வண்டிக்குக் கடவுச்சீட்டு மாதிரி. கொண்டுபோன வண்டியை அங்கேயே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கு ஜாமீன். அதற்கான பிணைத்தொகை, கப்பல் கூலி, துறைமுகத்தில் காத்துக்கிடக்கும் நாட்கள் எல்லாவற்றையும் கணக்கு டீச்சர் ஒரு தாளில் கூட்டி, என் காப்பித் தம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். வாடகை வண்டி என்று முடிவாயிற்று.

அந்த நாட்டுக்குள் வெளியூர் மண் நுழையக் கூடாது. உணவுப் பொருள், விதை, மண்ணில் புழங்கிய காலணி எல்லாவற்றையும் விமான நிலையத்திலேயே அறிவித்துவிட வேண்டும். சொல்லாமல் விட்டது பிடிபட்டால் 400 டாலர் அபராதம். புறப்படுவதற்கு முந்தின நாள் திண்ணையில் உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு ஜோடி பூட்ஸின் அடிப்பள்ளங்களில் இருந்த ஸ்ரீரங்கத்து மண்ணை ஒரு மணி நேரம் சுரண்டினேன். கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் ஓர் இளம்பெண் அதிகாரி அவற்றைத் தலைகீழாகப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையசைத்தார். பருப்புப்பொடி டப்பாவைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதையும் கொடுத்துவிட்டார்.

இனி, பின் இருக்கைக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிள் பயணம் என்றால் எல்லோரும் ஓட்டுகிறவனிடம்தான் கேள்வி கேட்கிறார்கள். எத்தனை சிசி, எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், இப்படி. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆறு மாதம் முன்பே கொல்லிமலையில் பழகினோம். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டி சாயும்போது பின்னால் இருப்பவர் பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. முதல் நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார் என்பது எனக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள் என்று ஒரு நண்பர் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான், உடம்பு தானாகச் சாய ஆரம்பித்தது.

ஏறி இறங்குவது அதைவிடப் பெரிய பாடம். மூட்டு வலி உள்ளவர் உயரமான வண்டியில் காலைச் சுழற்றிப் போட முடியாது. நான் சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு "ம்" என்பேன். அவர் என் தோளைப் பிடித்து, இடது பாதத்தைக் கால்மிதியில் வைத்து, மாடிப்படி ஏறுவதுபோல நேராக எழுந்து நிற்பார். அதற்குப் பிறகுதான் வலது காலை அந்தப் பக்கம் கடத்துவார். "ம்" வராமல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இந்த "ம்"மை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கருவி ஒன்றையும் மகன் வாங்கித் தந்திருந்தான். இரண்டாம் நாளே அணைத்துவிட்டோம். முப்பத்தெட்டு வருடம் பேசிய பிறகு காதுக்குள்ளேயே வந்து பேசினால் யாருக்கும் கொஞ்சம் அதிகம்தான். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. காரணம் கேட்கக் கூடாது.

நான் வரைபடத்தைப் பார்த்து ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டிருந்தேன். இரண்டு தட்டுகள் அதை 200க்குக் குறைத்தன. ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம்; நாங்கள் 80ஐத் தாண்டவில்லை. பின்னால் இரண்டு கார் சேர்ந்துவிட்டால் ஓரம் ஒதுங்கி வழிவிடுவோம். கை காட்டிவிட்டுப் போவார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்கே போனால் 920 மீட்டர் உயரத்தில் ஆர்தர்ஸ் பாஸ் கணவாய். அதன் கீழே உள்ள சிற்றூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கியா என்று ஒரு மலைக்கிளி அந்தத் தீவில் மட்டும் வாழ்கிறது. பச்சை நிறம், கொக்கி போல வளைந்த மூக்கு. ரப்பரைக் கண்டால் விடாது. நான்கு கியாக்கள் வண்டியில் வந்து உட்கார்ந்தன. ஒன்று பின் இருக்கையின் ஓரத் தையலைப் பிரிக்கத் தொடங்கியது, இன்னொன்று மழைக்கோட்டைக் கட்டியிருந்த ரப்பர் கயிற்றை இழுத்து இழுத்து விட்டு வேடிக்கை பார்த்தது. மனைவி "சூ" என்று கையை ஓங்கினார். அது நகராமல் தலையைச் சாய்த்து அவரை அளந்து பார்த்தது. கடைசி வரிசைப் பையன்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்றார். வாடகைக்கு எடுத்த வண்டி என்பதால் எனக்குத்தான் வயிறு கலங்கியது.

கணவாயைத் தாண்டி இறங்கினால் மேற்குக் கடற்கரை, மழைதான் மழை. அதே தீவின் தென்மேற்கு மூலையில் மில்ஃபோர்ட் சவுண்ட் என்று மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் இடத்தில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. திருச்சியில் நமக்கு ஆயிரம்கூட இல்லை. வழியெங்கும் ஒற்றை வழிப் பாலங்கள். அறிவிப்புப் பலகையில் நம் பக்கத்து அம்பு சிவப்பாக இருந்தால் எதிரே வருகிறவருக்கு நாம் வழிவிட வேண்டும். ஹாரன் அடிக்காமல் பாலத்தின் இரு முனையிலும் இரண்டு பேர் காத்து நிற்பதை முதல் தடவை பார்த்தபோது ஏதோ விபத்து என்றே நினைத்தேன்.

மாலையில் மோட்டல்களில் அறைச் சாவியோடு ஒரு சிறு பால் பாட்டிலும் கொடுப்பார்கள். அறையிலேயே அடுப்பும் பாத்திரமும் உண்டு. சாதம் வடித்து, கடையில் வாங்கிய தயிரைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, நனைந்த கையுறைகளை ஹீட்டர் முன்னால் வரிசையாகக் காயவைப்போம். ரத்த அழுத்த மாத்திரைக்கு நம் ஊர்க் கடிகாரம்தான். அங்கே ஏழரை மணி நேரம் முன்னால் என்பதால், காலை ஏழு மணி மாத்திரையைப் பிற்பகல் இரண்டரைக்கு, பெரும்பாலும் ஏதாவது ஒரு சாலையோர மேசையில் போட்டுக்கொண்டோம்.

இப்போது அந்த "ம்". ஹாஸ்ட் என்ற இடத்தில் பெட்ரோல் போட்டுவிட்டு, ஓரமாகச் சரளைக்கல் பரப்பில் நிறுத்தினேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்த பெரியவர் ஒருவர் வந்து, "இந்தியாவிலிருந்தா?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். மனைவி இறங்கிவிட்டார்.

என் ஒரு கால் சரளையில் வழுக்கியது. வண்டி இடப்பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. பிடிக்கலாம் என்று தோன்றும், ஆனால் முடியாது. வண்டியின் பக்கத்துப் பெட்டி தரையில் மோதி நின்றது. மனைவிக்குக் கணுக்காலில் கன்றிப்போனது, எனக்கு மானம் போனது. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் கைப்பிடியைப் பிடித்து, நானும் சேர்ந்து, வண்டியை நிமிர்த்தினார். எழுந்ததும் மனைவி சொன்னது இதுதான்: "இனிமேல் 'ஆமாம்' என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள்."

அந்த நாட்டில் விபத்தில் காயம்பட்டால் வெளிநாட்டவருக்கும் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டமே ஏற்கிறது; யார் தவறு என்று பார்ப்பதில்லை. காய்ச்சல், நெஞ்சுவலி போன்றவை அதில் அடங்காது. அதற்குப் பயணக் காப்பீடு வேண்டும். பல காப்பீடுகளில் மோட்டார் சைக்கிளை விலக்கி வைத்திருப்பார்கள், பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மில்ஃபோர்ட் போகும் வழியில் ஹோமர் சுரங்கப்பாதை, 1.2 கிலோமீட்டர், 1950களில் திறந்தது. பூசாத பாறைச் சுவர், மேலே சொட்டும் தண்ணீர், உள்ளேயே செங்குத்தாக இறங்கும் சாலை. ஒரு தட்டுகூட விழவில்லை. தோளைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகியது.

தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர். அங்கே ஈ. ஹேய்ஸ் என்ற இரும்புக் கடையில் ஆணி, போல்ட், பெயின்ட் அலமாரிகளுக்கு நடுவே பழைய மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பந்தய வீரர் பர்ட் மன்ரோவின் வண்டியும் அங்கே இருக்கிறது. 1920இல் வாங்கிய அமெரிக்க வண்டி, பெயர் இந்தியன். (எங்களுக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று மனைவி கேட்டார்.) வாங்கியபோது மணிக்கு 90 கிலோமீட்டர் போவதே பெரிது. மன்ரோ நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பிஸ்டனைக்கூடத் தானே உருக்கி வார்த்து, உடைந்தவற்றை "வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை" என்று எழுதிக் கொட்டகையில் அடுக்கிவைத்து, 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் 295 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு 68 வயது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று மனைவியிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அவர் அந்த வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"இதில் பின் இருக்கை எங்கே?"

இல்லை என்றேன்.

"அதுதான் அவ்வளவு வேகம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு ஜோடி பித்தளைத் திருகாணி வாங்க உள்ளே போனார்.

அங்கிருந்து டனீடின் 200 கிலோமீட்டர்தான். நாங்கள் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆயிற்று.

வணக்கம்.