வாசலை மறித்த வெள்ளைச் சட்டைகள்

[திரையில்: லைபீரியா வரைபடம், தலைநகர் மன்ரோவியா]

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவோட தலைநகர் மன்ரோவியாவுல செயின்ட் பீட்டர்ஸ் லுத்தரன் சர்ச். 1990 ஜூலைல, உள்நாட்டுப் போர் நேரத்துல, உயிருக்குப் பயந்து இங்க ஒளிஞ்சிருந்த 600 பேர் வரைக்கும் அரசுப் படையே கொன்னுச்சு. 12 வருஷம் கழிச்சு, நாட்டுல மறுபடியும் போர் நடந்துட்டிருந்த நேரத்துல, இதே சர்ச்சுலதான் லேமா போவீங்கிற சமூக சேவகி பெண்களைக் கூட்டி ஜெபத்துக்கு உட்கார வெச்சாங்க.

கூட்டத்துல ஒரு அம்மா எழுந்தாங்க. அசாத்து பா கென்னத், போலீஸ் அதிகாரி. அந்த சர்ச்சுக்குள்ள ஒரே முஸ்லிம். எங்க பெண்களையும் திரட்டுறேன்னு சொன்னாங்க, திரட்டவும் செஞ்சாங்க.

இதுல ஒரு கணக்கும் இருக்கு. அதிபர் சார்லஸ் டெய்லர் சர்ச்சுக்குப் போற ஆளு. எதிர்த்து நின்ன கிளர்ச்சிக் குழுவுல பலர் தொழுகைக்குப் போறவங்க. பிஷப் வழியா இந்தப் பக்கம், இமாம் வழியா அந்தப் பக்கம் நெருக்கலாமே!

[திரையில்: மீன் சந்தை, வெள்ளை உடையில் பெண்கள்]

2003 ஏப்ரல்ல, போரை நிறுத்தச் சொல்லி, இந்தப் பெண்கள் மீன் சந்தை மைதானத்துல உட்கார்ந்தாங்க. டெய்லரோட கார்கள் தினமும் போற வழி அது. வெள்ளைச் சட்டை, தலையில துணி, நகை கிடையாது. வெயிலோ மழையோ, எழுந்திருக்கல. ஏப்ரல் 23ஆம் தேதி டெய்லரே கூப்பிட்டு மனுவைக் கேட்க வேண்டியதாச்சு.

ஜூன்ல கானாவுல அரசுக்கும் கிளர்ச்சிக் குழுக்களுக்கும் பேச்சுவார்த்தை தொடங்குச்சு. பேச வந்தவங்களுக்கு ஹோட்டல் அறை. ஊர்ல ஜனங்க மேல குண்டு. ஜூலைல பொறுமை போச்சு. போவீயும் மற்ற பெண்களும் அரங்கத்து வாசல்ல கையோட கை கோத்து உட்கார்ந்துட்டாங்க. ஒப்பந்தம் வராம யாரும் வெளிய வரக்கூடாதுன்னாங்க.

காவலர்கள் கைது பண்ண வந்தாங்க. போவீ தலைத்துணியை அவிழ்த்தாங்க. உடுத்தியிருக்கிறதையும் களைஞ்சிடுவேன்னாங்க. தாய் வயசுல இருக்கிறவ தானா முன்வந்து நிர்வாணமா நின்னா, பார்க்கிற ஆணுக்குச் சாபம்ங்கிறது மேற்கு ஆப்பிரிக்காவுல ஆழமான நம்பிக்கை. துப்பாக்கி வெச்சிருந்தவங்க பின்வாங்கினாங்க. இந்த இடத்தை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நடுவர், நைஜீரியாவோட முன்னாள் ராணுவ ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர். அவர் பெண்கள் பக்கம் சாய்ஞ்சார். தாண்டி வரப் பார்த்த கிளர்ச்சித் தலைவரைத் திட்டி உள்ளயே அனுப்பினார்.

ஆகஸ்ட் 11ஆம் தேதி டெய்லர் நாட்டை விட்டுப் போனார். 18ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 2011ல போவீக்கு அமைதிக்கான நோபல் பரிசு.

[திரையில்: மறுபடியும் மீன் சந்தை மைதானம்]

ஆனா ஒப்பந்தம் வந்த கையோட பெண்கள் வெள்ளைச் சட்டையை மடிச்சு வெக்கல. ஆயுதம் கீழ வைக்கணும், தேர்தல் நடக்கணும்னு துரத்திட்டே இருந்தாங்க. 2006 ஜனவரியில எலன் ஜான்சன் சர்லீஃப் அதிபரா பதவியேத்தாங்க. அதுக்கப்புறம்தான் போராட்டத்தை முடிச்சுக்கிட்டாங்க.