ஏற்காட்டுக்கு மேலே இன்ஜின் நின்றால்: முதல் இரண்டு நிமிடங்கள்

வணக்கம். சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 என்ற ஒற்றை இன்ஜின் சிறுவிமானம் ஒன்று சேர்வராயன் மலைக்கு மேலே பறக்கிறது. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் 6,500 அடி. திடீரென்று இன்ஜின் நின்றுவிடுகிறது. பைலட்டின் கையில் எவ்வளவு உயரம் இருக்கிறது?

[திரையில்: மலையின் குறுக்குவெட்டுப் படம்]

6,500 என்பது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. ஏற்காடு ஊரே ஏறத்தாழ 4,900 அடியில் இருக்கிறது. மிச்சம் 1,600 அடிதான். இன்ஜின் இல்லாத செஸ்னா நிமிடத்துக்கு 700 அடிக்கு மேல் இறங்கும். ஆக, இரண்டு நிமிடம். இதே உயரத்தில் மலைக்கு மேற்கே சமவெளியில் உள்ள ஓமலூருக்கு மேலே இருந்தால் ஏழு நிமிடம் கிடைத்திருக்கும்.

முதல் வேலை வேகம். மூக்கைத் தாழ்த்தி 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்) பிடியுங்கள், அந்த வேகம் தானாக நிலைக்க ட்ரிம் வையுங்கள். புதிய 172எஸ் ரகம் என்றால் 68. உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்தான் உங்களுக்கு.

அடுத்து, உடனே மேற்கே திரும்புங்கள். 1 அடி இறங்கினால் 9 அடி முன்னே போகும். ஓமலூர்ச் சமவெளி சுமார் 1,000 அடியில் இருப்பதால், அங்கே தரை தொடுவதற்குள் 15 கிலோமீட்டர் போகலாம். காமலாபுரம் ரன்வே நேர்கோட்டில் 16 கிலோமீட்டர். எட்டாது! தென்மேற்குப் பருவக்காற்று 20 நாட் வேகத்தில் எதிரே அடித்தால் 10 கிலோமீட்டர்கூடத் தாண்டுவது கடினம். ரன்வேயை மறந்துவிட்டு, மலையடிவாரம் தாண்டி ஒரு வயலைத் தேடுங்கள். காப்பித் தோட்டம் மேலிருந்து மெத்தென்று தெரியும். ஆனால் அந்தப் பச்சைக்குள் நெடுநெடுவென சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன.

திரும்பிக்கொண்டே காரணம் தேடலாம். ஏற்காட்டு மேகத்துக்கு அருகில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய 172 என்றால் முதல் சந்தேகம் பனிக்கட்டி. வெளியே 20 டிகிரி இருந்தாலும், பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் பாயும்போதும் கார்புரேட்டருக்குள் உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மெல்லக் குறைவதுதான் முதல் அறிகுறி. கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் 'கார்ப் ஹீட்' குமிழை முழுதாக இழுங்கள். உருகிய நீர் உள்ளே போவதால் இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கும். பயந்து திரும்பத் தள்ளிவிடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். எரிபொருள் செலக்டர் 'போத்' (இரண்டு டேங்கும்), மிக்ஸ்சர் 'ரிச்' (எரிபொருள் கூடுதலான கலவை), தீப்பொறி தரும் மேக்னெட்டோ 'போத்' (இரண்டும்). சரியாகவில்லையா? அவசர ரேடியோ அலைவரிசை 121.5-இல் 'மேடே' என்ற ஆபத்து அழைப்பு, ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடு 7700.

[திரையில்: ஓமலூர் வயல்கள்]

வயலைத் தேர்ந்தெடுக்கும்போது மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள். மேட்டூரிலிருந்து வரும் உயரழுத்தக் கோபுரங்கள் இந்தப் பக்கம் நிறைய. வயல் நடுவே திறந்த கிணறுகளும் உண்டு. தென்னந்தோப்பு, கரும்பு வேண்டாம். அறுவடையான நிலம் நல்லது. உழவுசால் போகும் திசையிலேயே, முடிந்தவரை காற்றுக்கு எதிரே இறங்குங்கள். சரிவு என்றால் மேட்டை நோக்கி.

தரைக்கு முன் எரிபொருளையும் மேக்னெட்டோவையும் அணைத்து, கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்கள். மோதலில் கதவுச் சட்டகம் நெளிந்தால் மூடிய கதவு சிக்கிக்கொள்ளும். மொத்த மின்சாரத்தையும் அணைக்கும் மாஸ்டர் சுவிட்ச் கடைசியாக. வேகம் குறைத்து இறங்க உதவும் இறக்கை மடல்களான ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவது, அதை இறக்கும் முன் மாஸ்டரை அணைத்தால் ஃபிளாப் இறங்காது.