ஹட்டன் மழையில் மரக்கறியைப் பாதுகாப்பது எப்படி? எங்கள் வீட்டு வழி

வணக்கம் உறவுகளே! மழை சற்று ஓய்ந்திருக்கிறது. மறுபடியும் மூடுவதற்குள் வெளியில் காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு, பிறகு அடுப்படிக்குப் போவோம்.

போன காணொளிக்குப் பிறகு பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் விளைந்த மரக்கறியை வீணாக்காமல் எப்படி வைத்திருப்பது என்று. வத்தல், வடகம், ஊறுகாய் பற்றி இணையத்தில் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை, "நான்கு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள்" என்றுதான் தொடங்குகின்றன. இலங்கை மலையகத்தில், ஜூன் மாதத்து ஹட்டனில் நான்கு நாள் வெயிலுக்கு எங்கே போவது? நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டெம்பர் வரை துவைத்த துணியே காயாது. மிளகாய் எங்கே காயும்? தட்டில் பரப்பிய இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடித்துவிடும்.

அதனால் மலையில் இருப்பவர்கள் மலைக்கு ஏற்ற வழியைத்தான் பிடிக்க வேண்டும். இன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள். எங்கள் காணி 7 பேர்ச். ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு மட்டும் 550 சதுர அடி. வாசல், பாதை, மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி எல்லாம் போக மீதியில் ஓர் அங்குலத்தைக்கூட நாங்கள் சும்மா விடவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில் அப்பாயி லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கீரையும் போட்டிருந்தார். எவ்வளவு எரு போட்டாலும் அந்த மண் அவர் பெயரில் இல்லை. நம் மலையக மக்கள் தோட்ட வேலைக்காக இந்த மலைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். இன்றும் எத்தனையோ குடும்பங்களுக்கு உறுதிப் பத்திரத்தோடு ஒரு துண்டுக் காணி இல்லை. இதைச் சொல்லாமல் தோட்டத்தைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்த வரிசை லீக்ஸ். அடுத்தது கரட். அந்தக் கரையில் கோவா (முட்டைக்கோஸ்), இங்கே பந்தலில் போஞ்சி. வேலியோரம் நிற்பது மரத்தக்காளி. இது பழைய தேயிலை மண். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். மண்ணின் pH அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நன்றாக வளரும்; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். மரக்கறிக்கு 6, 6.5 வேண்டும். அதனால் நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே மண் கிளறும் முள்ளால் குத்திக் கிளறி, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் போட்டு, மக்கிய சாணத்தையும் கலந்து விடுகிறோம். கோவா போடுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. புளிப்பு மண்ணில்தான் கோவாவின் வேர் வீங்கி அழுகும் நோய் அதிகம். மண்ணில் ஒருமுறை வந்துவிட்டால் பல ஆண்டுகள் போகாது.

2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் அதை விலக்கினார்கள். அடுத்த ஆண்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கடைக்குப் போய் கரட் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். மாமி அந்த நாட்களில்தான் பழைய போத்தல்களைச் சேர்க்கத் தொடங்கினார். இன்றுவரை எங்கள் வீட்டில் ஒரு போத்தலும் குப்பைக்குப் போவதில்லை.

சரி, விடயத்துக்கு வருகிறேன். பறிக்காமல் விட்டு வைப்பதும் ஒரு பாதுகாப்புத்தான். லீக்ஸ் முற்றிவிட்டதே என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். அடியில் மண் அணைத்துக்கொண்டே வந்தால் தண்டு வெள்ளையாக நீளும். வேண்டும்போது இரண்டு மூன்று பிடுங்கிக்கொள்ளலாம். குளிர் இருப்பதால் நிலத்திலேயே வாரக்கணக்கில் நிற்கும். கரட் அப்படியில்லை. பெருமழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெடிக்கும், உள்ளே நார் கட்டும். கோவாவை வெட்டும்போது கீழ் இலைகளோடு அடித்தண்டை விட்டுவிடுங்கள். பக்கத்தில் சின்னச் சின்னக் கோவா கிளம்பும். கறிக்கு அது தாராளமாகப் போதும்.

உருளைக்கிழங்கைக் கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, இருட்டில் சாக்கு விரித்துப் பரப்புங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையானதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். அதில் நஞ்சு சேர்ந்திருக்கும். விதைக் கிழங்குக்கு மாத்திரம் நேர் வெயில் படாத வெளிச்சம் வேண்டும். அப்போதுதான் முளை குட்டையாக, பலமாக வரும்.

இப்போது வத்தல். நான் மிகவும் இரசிக்கும் பகுதி இது. நம் மலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது அல்லவா? எங்கள் பக்கம் மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்டில் பசறை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்த காற்று அந்தப் பக்கம் இறங்குகிறது. கொழுந்து எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலையின் மணம் உச்சத்துக்கு வருவது அந்த மாதங்களில்தான். எங்கள் பக்கத்துத் திம்புளத் தேயிலைக்கு அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. நல்ல கொழுந்து வரும் அந்தக் காற்றில்தான் நல்ல வத்தலும் வரும்.

ஆகவே எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். பசறையில் சின்னம்மா இருக்கிறார். ஆடி மாதத்தில் பாகற்காய், மோர்மிளகாய், கத்தரிக்காய் வத்தல் எல்லாம் அவர் போடுவார். இங்கிருந்து லீக்ஸும் கரட்டும் போகும். அங்கிருந்து வத்தல் வரும். யார் அந்தப் பக்கம் போனாலும் கையில் ஒரு பை இருக்கும். எங்கள் முறை ஜனவரியில். அப்போது பகலில் வெயில் அடிக்கும், இரவில் பனி இறங்கும். நுவரெலியாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகும் காலம். மாலை நான்கு மணிக்கே தட்டை உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒரு பனி விழுந்தால் பகல் முழுக்கக் காய்ந்ததும் வீணாகிவிடும். உறவுக்காரர் அந்தப் பக்கம் இல்லாதவர்கள், தெரிந்த ஒருவரோடு இப்படிக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயம் பலன் இருக்கும்.

உள்ளே வாருங்கள். மழை தொடங்கிவிட்டது.

இதுதான் எங்கள் அடுப்புக்கு மேலே உள்ள பரண். கவ்வாத்து மிலார், அதாவது தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த குச்சிகள்தான் விறகு. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இந்த அடுப்பை மறுபடியும் கட்டினோம். அதன்பின் இடிக்க மனமில்லை. விதைக்கு விட்ட போஞ்சியைக் கொடியோடு இதில் தொங்கவிடுவோம். சூடு நேரே படும் நடுவில் வேண்டாம்; முளைக்கும் திறன் கெட்டுவிடும். ஓரத்தில் போடுங்கள். காய்ந்த விதையைப் பல்லால் கடித்துப் பாருங்கள். பல் பதியாவிட்டால் சரி. சலித்த சாம்பலோடு கலந்து போத்தலில் போட்டு இறுக்கி மூடினால் வண்டு அண்டாது. போஞ்சி விதையை இப்படி நாமே வைத்துக்கொள்ளலாம். கரட், கோவா விதைகள் கடையில் வாங்குவதுதான்; பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அதனால்தான் எங்கள் வீட்டில் போஞ்சி விதைக்கு இவ்வளவு மரியாதை.

அடுத்தது அச்சாறு. வெயிலே தேவையில்லாத பக்குவம். அதனால் மழைக்காலத்தில் எங்களுக்கு இதுதான் கை கொடுக்கிறது. கரட் கால் கிலோ, போஞ்சி கால் கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம். கரட்டையும் போஞ்சியையும் விரல் நீளத்துக்கு வெட்டி, துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இரண்டு கோப்பை வினாகிரியில் இரண்டு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சீனி, கொஞ்சம் மஞ்சள் போட்டுக் கொதிக்க வையுங்கள். தண்ணீர் ஊற்றி நீட்டாதீர்கள், கெடாமல் காப்பது அந்தப் புளிப்புத்தான். அதில் முதலில் வெங்காயம், பிறகு போஞ்சி, கரட், மிளகாய் என்று ஒவ்வொன்றாக ஒரு நிமிடம் மட்டும் போட்டு அரித்து எடுங்கள். வேகக் கூடாது. கடிக்கும்போது சத்தம் கேட்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி கடுகு, உள்ளிப்பூண்டு நான்கைந்து பல், ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் மிளகு எல்லாவற்றையும் ஆறிய வினாகிரியில் அரையுங்கள். அரைத்த கடுகை ஒருபோதும் அடுப்பில் வைக்க வேண்டாம். கொதித்தால் மூக்கில் ஏறும் அந்தக் காரம் போய்விடும். எல்லாம் ஆறியபின் கலந்து, போத்தலில் நிரப்பி, மீதி வினாகிரியை மரக்கறி முழுதாக மூழ்கும்வரை ஊற்றுங்கள். ஒரு வாரம் பொறுத்துத் திறந்தால் சுவை இறங்கியிருக்கும்.

போத்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காத விடயம் இது. கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,271 மீட்டர் உயரம். இங்கே ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே 94 அளவில். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். பானை தளதளவென்று கொதிப்பது ஒன்றுபோலத் தெரிந்தாலும் சூடு குறைவு. கடலோரத்தில் போத்தலைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்தால் போதும் என்றால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நான் 15 நிமிடம் வைக்கிறேன். நுவரெலியாக்காரர்கள் 17 நிமிடம் வையுங்கள்.

ஜாமுக்கும் இதே கணக்கு. மரத்தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தோலை உரித்துவிடுங்கள்; தோல் கசக்கும். ஒரு கிலோ சதைக்கு முக்கால் கிலோ சீனி, ஒரு தேசிக்காய்ச் சாறு. இந்தப் பழம் தானாகவே இறுகும். வேறெதுவும் சேர்க்க வேண்டாம். புத்தகத்தில் 104 பாகை வரை காய்ச்சச் சொல்லியிருப்பார்கள். அது கடலோரக் கணக்கு. தண்ணீர் கொதிக்கும் அளவுக்கு மேலே நான்கு பாகை என்பதுதான் உண்மையான விதி. ஹட்டனில் 100 பாகையில் இறக்கிவிடுங்கள். 104 வரை காத்திருந்தால் கரண்டி இறங்காத கட்டியாகிவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். போஞ்சி, கரட், பீட்ரூட் போன்றவற்றை வெறும் தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ அவித்துப் போத்தலில் அடைத்து மாதக்கணக்கில் வெளியில் வைக்காதீர்கள். மண்ணோடு வரும் சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத போத்தலுக்குள் அவை வளர்ந்து உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும். நிறம், மணம் எதிலும் தெரியாமல் போகலாம். எண்ணெயில் ஊறவைத்த பச்சை உள்ளிப்பூண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. புளிப்பில்லாத மரக்கறி என்றால் வினாகிரி போடுங்கள், காயவையுங்கள், அல்லது அன்றைக்கே சமையுங்கள். மூடி உப்பியிருந்தால் சுவை பார்க்காமல் அப்படியே எறிந்துவிடுங்கள். உழைப்புப் போகிறதே என்று வருந்தவே வேண்டாம்.

போத்தல் ஒவ்வொன்றிலும் இப்படித் திகதி எழுதி ஒட்டுங்கள். பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குங்கள்.

அடுத்த காணொளியில் மாமி தேசிக்காய் ஊறுகாய் போடுகிறார். அதற்குள் ஊவாப் பக்கத்து உறவுகள் ஓர் உதவி செய்ய வேண்டும். லீக்ஸின் பச்சைப் பகுதியை மெல்லியதாக அரிந்து, உங்கள் ஆடிக் காற்றில் நிழலில் பரப்பிப் பாருங்கள். நொறுங்கும் பதத்துக்கு வர எத்தனை நாள் எடுக்கிறது, பச்சை நிறம் நிற்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். சரியாக வந்தால் இந்த முறை சின்னம்மாவுக்கு ஒரு சாக்கு லீக்ஸ் கூடுதலாக அனுப்புகிறேன்.