கடைசிக் காப்பி எத்தனை மணிக்கு?

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்க்கிற என்னிடம் வாரம் தவறாமல் யாராவது வந்து, "டாக்டர், ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, ஒரு மாத்திரை எழுதித் தாங்க" என்பார்கள். கடைசிக் காப்பி எத்தனை மணிக்கு என்று கேட்பேன். "அது எப்பவும் குடிக்கிறதுதானே" என்று பதில் வரும். கூட வந்த மருமகள்தான் உள்ளதைச் சொல்வாள்: "ஆறு மணிக்கு ஒண்ணு, சீரியல் பார்க்கும்போது ஒண்ணு."

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். கண்ணைச் சொருக வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காப்பியில் இருக்கிற காஃபின் முந்தி உட்கார்ந்துகொள்கிறது. அசதி தீர்வதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு மாதம் ஏற ஏற இன்னும் அதிகம். 6 மணிக் காப்பியில் பாதி, 11 மணிக்குப் படுக்கும்போதும் உடம்பில் இருக்கும். "குடிச்ச கையோட படுத்தாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்பவர்களும் உண்டு. வரும்தான். ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறையும். காலையில் அலுப்பு, அதற்கு இன்னொரு டம்ளர்.

காலைக் காப்பியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நிறையக் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலைவலி வந்துவிடும், ஒரு வாரம்கூட இழுக்கும். அதற்குக் கடையில் வாங்கிப் போடும் சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபின் இருக்கிறது! நான் சொல்லும் வழி, தூள் அரைத்துத் தரும் கடையில் சிக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்வது. சிக்கரியில் காஃபின் கிடையாது. டிகாஷன் கறுப்பாகவே இறங்கும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

டீக்கு மாறிவிட்டேன் என்றால் அளவு குறையுமே தவிர, தேயிலையிலும் காஃபின் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் "ஒரு வாய் காப்பி குடிக்காமப் போனா எப்படி?" என்று மறித்தால், சுக்குக் காப்பி கேளுங்கள். சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் போட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் வாசனைக்கு ஒரு கரண்டி காப்பித்தூளும் போட்டுவிடுவார்கள்.

ஆலங்குளம், முக்கூடல் பக்கம் கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு ராத்திரி வரை பீடி சுற்றும் பெண்களிடம் மட்டும் இந்த 2 மணிக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் பிரச்சினை கூலியில் இருக்கிறது.

இன்னொன்று. பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதும் இருந்தால் காப்பியைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள், முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு. குறட்டை விடுகிறவருக்கு அது தெரியாது. வணக்கம்.